கேளுங்கள், சொல்கிறோம்: ஆறாவது பாடம் எடுக்கலாமா?

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட் செமஸ்டருக்குப் பாடம் பதியும் நேரம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டேன். இதுவரை 80 யூனிட், ஜிபிஏ (5க்குக் கணக்கிடும் சராசரிக் கிரேடுப் புள்ளி) 3.98. வரும் செமஸ்டரில் வழக்கமான ஐந்து பாடத்தோடு ஆறாவதாகப் புள்ளியியல் பாடம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள ஆசை. “ஆறு எடுத்தால் அவ்வளவுதான்” என்கிறார்கள் சில சீனியர்கள். “ஒன்றுமே இல்லை, நான் ஏழு எடுத்தேன்” என்கிறார் ஒருவர். யார் பேச்சை நம்புவது?
— மாணவி, ஈசூன்

பதில்: இருவர் சொல்வதும் அவரவர் எடுத்த பாடங்களுக்கு உண்மை. உங்கள் பாடங்களுக்கு அது பொருந்துமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அரைமணி நேர வேலைதான்.

முதலில் வாரக் கணக்கு. என்யுஎஸ்ஸில் ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு 2.5 மணி நேர உழைப்பு. விரிவுரை, டுடோரியல், சொந்தப் படிப்பு எல்லாம் அதில் அடக்கம். 4 யூனிட் பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம், ஐந்து பாடத்துக்கு 50, ஆறுக்கு 60. ஈசூனிலிருந்து கெண்ட் ரிட்ஜ் போய்வர நாளுக்கு இரண்டரை மணி நேரம் வரை பிடிக்கும். வாரம் ஐந்து நாளும் போனால் ஏறத்தாழ 12. தூக்கம் 49. சாப்பாடு, குளியல், வீட்டு வேலை 18. நீங்கள் ஓரிரு பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுப்பவராக இருந்தால், அங்கே போய்வரும் நேரமும் சேர்த்து 6. மொத்தம் 145. வாரத்தில் இருப்பது 168 மணி நேரம், ஆக மிச்சம் 23.

மிச்சம் தாராளமாகத்தான் தெரிகிறது. ‘ஒன்றுமே இல்லை’ என்பவர் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆனால் வாரம் 10 மணி நேரம் என்பது 13 வாரத்துக்கான சராசரி. எந்தப் பாடமும் சராசரியாக நடப்பதில்லை. 4ஆம் வாரத்தில் 6 மணி நேரத்தில் முடிகிற பாடம் 12ஆம் வாரத்தில் 18 மணி நேரம் கேட்கும். ஆறு பாடமும் ஒரே வாரத்தில் அப்படிக் கேட்டால் அந்த 23 மணி நேரம் காணாமல் போய், அடுத்து தூக்கத்தில் கைவைக்கும்.

ஆகவே இரண்டாவதாக ஒரு கட்டம் போடுங்கள். ஒரு தாளில் குறுக்கே 1 முதல் 13 வரை வாரங்கள். 6க்கும் 7க்கும் நடுவில் இடைவேளை வாரம், கடைசியில் படிப்பு வாரமும் இரண்டு தேர்வு வாரங்களும். நெடுக்கே ஆறு பாடங்கள். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பீட்டு விவரத்தையும் பார்த்து, எந்த வாரம் எதை ஒப்படைக்க வேண்டும், அதற்கு எத்தனை விழுக்காடு என்று பென்சிலால் நிரப்புங்கள். இந்த ஆண்டு விவரம் இன்னும் வராவிட்டால் போன ஆண்டு இதே பாடத்தை எடுத்தவரிடம் கேளுங்கள். தேதிகள் பெரிதாக மாறுவதில்லை.

பெரும்பாலும் இரண்டு இடங்களில் எழுத்து நெருக்கியடிக்கும். இடைவேளை வாரத்தை ஒட்டி இடைத்தேர்வுகள். 11 முதல் 13 வரை குழுவேலைகள், நீண்ட கட்டுரைகள், படைப்பாய்வுகள். எங்கள் அளவுகோல் இது: 15 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஒரே வாரத்தில் நான்கு விழுந்தால், அல்லது குழுவேலை உள்ள பாடங்கள் மூன்றுக்கு மேல் போனால், ஆறாவது வேண்டாம். குழுவேலையைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டுரையை நள்ளிரவில் எழுதலாம், ஞாயிற்றுக்கிழமை எழுதலாம். ஐந்து பேர் சந்திக்கும் நேரத்தை உங்கள் வசதிக்கு நகர்த்த முடியாது. அவர்களில் ஒருவர் கடைசி நாளில் அனுப்பும் பகுதியைத் திருத்தி எழுதுவது உங்கள் தலையில்தான் விழும்.

கட்டத்தில் பண்டிகையையும் குறியுங்கள். தீபாவளி அக்டோபர் பிற்பாதியிலோ நவம்பரிலோ, அதாவது முதல் செமஸ்டரின் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. இரண்டாம் செமஸ்டரில் ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா. தமிழ்ப் பேரவை நிகழ்ச்சிக்கு மேடை ஏறுபவர்களும் திரைக்குப் பின்னால் நாற்காலி அடுக்குபவர்களும் அதே வாரங்களில்தான் இறுதிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டில் ஒன்று அடிபடும். எது என்று பேராசிரியர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, தேர்வு நாள். மாணவர்களே உருவாக்கிய என்யுஎஸ்மாட்ஸ் தளத்தில் பாடங்களைச் சேர்த்தால் தேர்வுத் தேதிகள் கீழே வரும், மோதினால் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரே நாளில் காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என்று வந்தால் அது மோதல் கணக்கில் வராது. அதை நீங்களாகத்தான் கவனிக்க வேண்டும்.

நான்காவது, ஜிபிஏ. உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஆறாவது பாடத்தில் நல்ல கிரேடு வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சேதம் நடப்பது அங்கல்ல, மற்ற ஐந்தில். ஐந்து பாடத்தோடு இரண்டு ஏ மைனஸ், மூன்று பி பிளஸ் வாங்குவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4.5, 4.5, 4.0, 4.0, 4.0. சராசரி 4.20. ஏற்கெனவே உள்ள 80 யூனிட்டோடு சேர்த்தால் 100 யூனிட்டுக்கு ஜிபிஏ 4.02.

இப்போது ஆறு. நேரம் பற்றாததால் ஒரு ஏ மைனஸ் பி பிளஸ் ஆகிறது, ஒரு பி பிளஸ் பி ஆகிறது. இரண்டு பாடத்தில் அரைப்புள்ளி இறக்கம், அவ்வளவுதான். புதிய பாடத்தில் பி பிளஸ். இந்த செமஸ்டரின் சராசரி 4.00. மொத்தம் 104 யூனிட்டுக்கு ஜிபிஏ 3.985. டிஸ்டிங்ஷன் ஆனர்ஸுக்குக் கோடு 4.00. ஐந்து எடுத்திருந்தால் கோட்டுக்கு மேலே, ஆறு எடுத்ததால் கீழே. இன்னும் நான்கு செமஸ்டர் இருக்கிறது, பிறகு தூக்கிவிடலாம் என்பது சரிதான். ஆனால் யூனிட் கூடக்கூட ஜிபிஏ நகர்வது கடினமாகிக்கொண்டே போகும்.

கடைசியாக, பெரும்பாலோர் கேட்க மறக்கும் கேள்வி. புள்ளியியல் ஏன் ஆறாவதாக வர வேண்டும்? ஐந்தில் ஒன்றாக ஏன் வரக்கூடாது? உங்கள் பட்டத்தில் கட்டுப்பாடற்ற விருப்பப்பாடங்களுக்கு இடம் இருக்கும், மாணவர் மொழியில் யுஇ. இந்த செமஸ்டரில் அந்த இடத்தில் வேறு ஏதாவது இருந்தால் அதைத் தள்ளிவைத்துவிட்டுப் புள்ளியியலை அங்கே போடுங்கள். ஜிபிஏ 3.98இல் நிற்கும் ஒருவருக்கு எங்கள் பரிந்துரை இதுவே. ஆறாவது பாடம் எடுக்க உருப்படியான காரணம் ஒன்று உண்டு: அதை இப்போது முடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு எடுக்கவேண்டிய பாடத்தின் கதவு மூடிவிடும் என்ற நிலை. அப்படியென்றால் தயங்காமல் எடுங்கள். எளிதான ஐந்தோடு சேர்த்து எடுங்கள்.

கேள்வி: ஆறு பாடம் பதிந்துவிட்டு இரண்டு வாரம் பார்த்து, பிடிக்காததை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இதில் ஏதாவது தப்பு உண்டா?
— மாணவர், குவீன்ஸ்டவுன்

பதில்: தப்பில்லை. என்யுஎஸ்ஸில் இரண்டாம் வார இறுதிக்குள் விட்டால் அந்தப் பாடம் எடுத்த சுவடே சான்றிதழில் இருக்காது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பல பாடங்களில் டுடோரியல் மூன்றாம் வாரம்தான் தொடங்கும். முதல் இரண்டு வாரம் விரிவுரை மட்டும். ஆறு பாடமும் காற்று வாங்குவதுபோல இருக்கும். ‘சமாளித்துவிடலாம்’ என்று தோன்றும். விடுவதற்கான இலவசக் காலம் முடிந்த மறுநாள் டுடோரியல்கள் தொடங்கும். ஆக, ‘இரண்டு வாரம் பார்த்து’ என்பது வேலையைப் பார்க்காமலே முடிவெடுப்பது.

பார்ப்பதென்றால் இப்படிப் பாருங்கள். மூன்றாம் வார டுடோரியல் தாளை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இரண்டாம் வாரத்திலேயே உட்கார்ந்து செய்து பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்கு நான்கு மணி நேரத்துக்குமேல் ஆனால் அந்தப் பாடம் உங்களுக்கு வாரம் 10 மணி நேரத்தில் அடங்காது.

விடுவதென்று முடிவானால் கடைசி இரவுவரை வைத்திருக்காதீர்கள். உங்கள் இடத்துக்காக வேறு யாராவது காத்திருப்பார்கள். அந்தப் பாடம் இல்லாமல் பட்டம் முடிக்க முடியாதவராகக்கூட அவர் இருக்கலாம். எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) மாணவர்களுக்கு இது வேறு கணக்கு. அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் இ-டாலர் என்ற பாடப்பதிவுப் புள்ளிகளை வைத்து ஏலம் கேட்க வேண்டும். விடப்போகும் பாடத்துக்கு இ-டாலரை முடக்கினால் கட்டாயம் வேண்டிய பாடத்தின் ஏலத்தில் கை இறங்கிவிடும். என்டியுவின் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஸ்டார்ஸ் என்ற இணையப் பதிவில் முந்தியவருக்கே இடம். அங்கே விட்ட பாடத்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்று நம்பி விடாதீர்கள்.

கேள்வி: தேசிய சேவை முடித்து இந்த ஆண்டு பொறியியல் சேர்கிறேன். இரண்டு வருஷம் போச்சு. முதல் செமஸ்டரிலேயே ஆறு எடுத்து ஈடுகட்டலாமா?
— மாணவர், செம்பவாங்

பதில்: வேண்டாம். இரண்டு ஆண்டாக நுண்கணிதம் தொடாத கைக்கு அது திரும்பி வரவே நான்கைந்து வாரம் ஆகும். முதல் இடைத்தேர்வு அதற்குமுன் வந்துவிடும். ஆகஸ்டுக்குள் நேரம் இருந்தால் தொடக்கக்கல்லூரிக் கணக்குப் புத்தகத்தில் வகையீடு, தொகையீடு, திசையன் மூன்றையும் மறுபடி போட்டுப் பாருங்கள். ஆறாவது பாடத்தைவிட அது அதிகம் ஈடுகட்டும்.

கேள்வி: என் மகள் என்டியுவில் பொறியியல் படிக்கிறாள். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு பாடம் கூடுதலாக எடுத்து அரை ஆண்டு முன்னதாக முடித்தால் கட்டணம் மிச்சமாகும் என்கிறாள். நான் டாக்சி ஓட்டுகிறேன். மத்திய சேமநிதியிலிருந்துதான் கட்டுகிறேன். மிச்சமாகும் என்றால் நல்லதுதான், ஆனால் பிள்ளையின் உடம்பு கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன சொல்வது?
— ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, மகள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறாள். மூன்று விஷயத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, எத்தனை பாடம். ஒரு செமஸ்டரைக் குறைக்க ஏறத்தாழ ஐந்து பாடம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். அதாவது ஐந்து செமஸ்டர் தொடர்ந்து ஒன்று கூடுதல். ஒரு செமஸ்டர் சமாளிப்பது வேறு, ஐந்து செமஸ்டர் சமாளிப்பது வேறு. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வந்தவளாக இருந்து, சில பாடங்களுக்கு ஏற்கெனவே விலக்கு கிடைத்திருந்தால் கணக்கு மாறும். அப்போது இரண்டு மூன்று கூடுதல் பாடமே போதுமானதாக இருக்கலாம்.

கூடவே, என்டியுவின் ‘ஏயு’ எனும் பாட அலகை நண்பர்களின் என்யுஎஸ் யூனிட்டோடு ஒப்பிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். என்டியுவில் வாரம் ஒரு மணி நேர விரிவுரையோ டுடோரியலோ ஒரு ஏயு. ஆய்வுக்கூடம் என்றால் மூன்று மணி நேரத்துக்குத்தான் ஒரு ஏயு. ஆய்வுக்கூடம் உள்ள பாடம் காகிதத்தில் சிறிதாகத் தெரியும், பிற்பகல் முழுவதையும் விழுங்கிவிடும். கூடுதல் பாடம் எடுக்கிற செமஸ்டரில் ஆய்வுக்கூடம் இரண்டுக்குமேல் வேண்டாம்.

இரண்டு, முன்பின் வரிசை. பொறியியலில் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்ற சங்கிலி நீளமானது. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். இறுதியாண்டுத் திட்டப்பணி பல படிப்புகளில் இரண்டு செமஸ்டர் ஓடும். பலவற்றில் 20 வார வேலைப்பயிற்சி கட்டாயம். இவற்றைக் கூடுதல் பாடம் எடுத்துச் சுருக்க முடியாது. நான்காண்டுப் பாடத்திட்டத்தை ஒரு தாளில் விரித்து, கடைசியில் மாற்ற முடியாத இந்த இரண்டையும் முதலில் வைக்கட்டும். அதற்குப் பிறகும் ஒரு செமஸ்டர் காலியாகிறதா என்று பார்க்கட்டும். பல நேரங்களில் ஆவதில்லை. ஐந்து பாடத்தை முன்கூட்டியே முடித்துவிட்டும், இறுதித் திட்டப்பணிக்காகக் கடைசி செமஸ்டரில் கட்டணம் கட்டி உட்கார்ந்திருக்கும் நிலை வரும். துறையின் பாட ஆலோசகரிடம் இந்தத் தாளைக் கொண்டுபோய் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

மூன்று, பணம். குடிமக்களுக்கு மானியம் போகப் பெரும்பாலான பட்டப்படிப்புகளின் கட்டணம் ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 வெள்ளி அளவில் இருக்கிறது. அரை ஆண்டில் மிச்சம் 4,000, 5,000. கட்டணத்தைவிடப் பெரிய தொகை, அரை ஆண்டு முன்னதாக வேலைக்குப் போனால் வரும் சம்பளம். ஆனால் அது டிசம்பரில் முடித்தவுடன் வேலை கிடைத்தால்தான். பெரிய நிறுவனங்கள் பலவற்றின் பட்டதாரித் திட்டங்கள் ஆண்டின் நடுவில் ஆள் சேர்ப்பவை. டிசம்பரில் முடித்துவிட்டு ஜூலைவரை காத்திருந்தால் மிச்சம் கட்டணம் மட்டுமே. அந்த மிச்சத்துக்காக ஜிபிஏ ஒரு படி இறங்கி, கிடைக்கும் முதல் வேலையின் தரம் குறைந்தால் அது நட்டக் கணக்கு.

மே முதல் ஜூலைவரை நடக்கும் சிறப்புத் தவணையில் ஒரு பாடம் எடுக்கலாமே என்று அவள் கேட்கக்கூடும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, சேமிக்கும் நோக்கத்துக்கு அது உதவாது. 13 வாரப் பாடத்தை ஐந்தாறு வாரத்தில் நடத்துவதால் ஒரு பாடத்துக்கே வாரம் 20 மணி நேரத்துக்குமேல் போகும். வேலைப்பயிற்சி செய்யக்கூடிய மாதங்களும் அவையே.

உடம்பைப் பற்றி: அவசரம் குறைந்தால் உடம்புக்கும் நல்லது. மத்திய சேமநிதிக் கல்விக் கடன் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் திருப்பிக் கட்டத் தொடங்கவேண்டியது. ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிப்பதால் வீடு மூழ்கிவிடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் தோளிலிருந்து பாதி பாரம் இறங்கும். கட்டணம்தான் கவலை என்றால், கல்விக் கட்டணக் கடன், பல்கலைக்கழகத்தின் சொந்த உதவிநிதி, சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உதவிநிதி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் வேலை ஆறாவது பாடத்தைவிடக் குறைந்த உழைப்பில் அதிகப் பணம் தரும்.

கேள்வி: ஆறாவது பாடத்துக்கு எஸ்/யு (தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்று மட்டும் காட்டும் முறை) போட்டுவிட்டால் ஜிபிஏ பயமே இல்லைதானே? (என்யுஎஸ்)
— மாணவி, பிடோக்

பதில்: பாதி உண்மை. எஸ்/யு போட்டால் அந்தப் பாடத்தின் கிரேடு ஜிபிஏயில் சேராது. சி அல்லது அதற்குமேல் வாங்கியிருந்தால் எஸ், யூனிட் கிடைக்கும். டி பிளஸ் அல்லது அதற்குக் கீழே என்றால் யு, யூனிட்டும் கிடையாது, போட்ட உழைப்பும் வீண். எல்லாப் பாடத்துக்கும் எஸ்/யு வசதி இல்லை. பதியுமுன் பாட விவரத்தில் பார்த்துவிடுங்கள்.

மேலே ஈசூன் மாணவிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். எஸ்/யு காப்பாற்றுவது ஆறாவது பாடத்தின் கிரேடை. அந்தப் பாடம் தின்ற நேரத்தால் மற்ற ஐந்தில் இறங்கிய கிரேடை அது காப்பாற்றாது. ‘எப்படியும் எஸ்/யு’ என்று முதல் நாளே முடிவெடுத்தவர்கள் அந்தப் பாடத்தை 10ஆம் வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்டு. பிறகு சி வாங்கவே மூச்சுமுட்டும்.

கேள்வி: என்யுஎஸ், ஐந்தாம் வாரம், ஆறு பாடம். எதிலும் முழுசாகக் கால் ஊன்றவில்லை. நிரலாக்கப் பாடம் ஒன்றுக்கு மட்டும் போன வாரம் 22 மணி நேரம் போனது. விட்டால் டபிள்யூ (பாதியில் விலகியதற்கான குறி) விழுமாம். முதலாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? (ஜனவரி செமஸ்டரில் வந்த கடிதம்)
— மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: விட்டுவிடுங்கள். இடைவேளை வாரத்தின் கடைசி நாள்வரை விட்டால் சான்றிதழில் டபிள்யூ என்று நிற்கும், ஜிபிஏயில் சேராது. ஏழாம் வாரத்திலிருந்து விட்டால் எஃப். அது ஜிபிஏயில் பூஜ்யமாகச் சேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஓர் இரவு. தேதியைக் கைபேசியில் மூன்று நாள் முன்னதாகவே நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள்.

ஒரே ஒரு டபிள்யூவை முதலாளிகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நேர்காணலில் கேட்டால் “ஆறு பாடம் எடுத்தேன், ஒன்றைக் குறைத்தேன்” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். செமஸ்டருக்கு ஒன்று என்று வரிசையாக நின்றால்தான் புருவம் உயரும்.

எதை விடுவது? அதிகம் கஷ்டப்படுத்துவதை அல்ல. அடுத்த ஆண்டுப் பாடங்களுக்கு முன்தேவையாக இல்லாததை. அந்த 22 மணி நேர நிரலாக்கப் பாடம் உங்கள் துறையின் முதுகெலும்பு என்றால் அதை வைத்துக்கொண்டு, எளிதாகப் போகும் விருப்பப்பாடத்தை விடுங்கள். மனம் ஒப்பாது. எளிதானதை விடுவது முட்டாள்தனமாகத் தோன்றும். ஆனால் கஷ்டமானதை விட்டால் அதை மறுபடியும் எடுத்தே ஆக வேண்டும், அப்போதும் அது எளிதாகப்போவதில்லை.

விடுமுன் மூன்று வேலை. குழுவேலை இருந்தால் குழுவினரிடம் முதலில் சொல்லுங்கள், அவர்கள் வேலையை மறுபடி பிரிக்க வேண்டும். உபகாரச்சம்பளம் வாங்குபவர் என்றால் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது எத்தனை யூனிட் என்ற நிபந்தனையைப் பாருங்கள். ஆறில் ஒன்றை விட்டால் 20 யூனிட் நிற்கும், அது வழக்கமான சுமைதான் என்பதால் சிக்கல் வராது. மூன்றாவது, பாட ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல். கட்டாயமில்லை, மரியாதை.

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து இங்கே படிக்கிறேன். மாணவர் அனுமதிச்சீட்டு. ஆறு பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேர வேலையும் பார்க்கலாமா?
— மாணவர், கிளமெண்டி

பதில்: அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வேலை அனுமதிச்சீட்டு இல்லாமல் வாரம் 16 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். விடுமுறையில் அந்த வரம்பு இல்லை. இது மனிதவள அமைச்சின் விதி, முதலாளி “பரவாயில்லை” என்று சொன்னாலும் பரவாயில்லை ஆகாது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதால் உடம்பும் இடம் கொடுக்கும் என்று பொருளல்ல. பாடத்துக்கு 60, வேலைக்கு 16 என்றால் 76 மணி நேரம். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கட்டண மானியம் வாங்கியிருந்தால் படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒப்பந்தம் இருக்கும். சீக்கிரம் முடித்தால் வேலை தேடவேண்டிய நாளும் சீக்கிரம் வரும். அதற்குள் ஒரு நல்ல வேலைப்பயிற்சியாவது கையில் இருக்க வேண்டும். உங்கள் நிலையில் ஆறாவது பாடத்துக்கான 10 மணி நேரத்தை அதற்குக் கொடுப்பது மேல்.

கேள்வி: பகலில் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை, இரவில் எஸ்யுஎஸ்எஸ்ஸில் (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) பகுதிநேரப் பட்டப்படிப்பு. மூன்று பாடம் போகிறது. நான்காவது எடுக்கலாமா?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: பகுதிநேரத்தில் கட்டணம் பாடத்துக்குப் பாடம். எனவே நான்காவது பாடம் உடனே பையிலிருந்து எடுத்துக்கொடுக்கவேண்டிய காசு. தோற்றால் அந்தக் காசும் போய், திரும்ப எடுக்க மறுபடி காசு. முழுநேர மாணவரைவிட நீங்கள் இருமடங்கு யோசிக்க வேண்டும்.

உங்களுக்குத் தடை மணி நேரம் அல்ல, மாலைப்பொழுதுகள். இரவு 7 மணிக்கு வகுப்பு, 10 மணிக்கு முடியும். நான்கு பாடம் என்றால் சில வாரங்களில் நான்கு மாலையும் போய்விடும். டிஎம்ஏ எனும் தனி ஒப்படைப்பு, குழு ஒப்படைப்பு எல்லாம் சனி, ஞாயிறுக்குத் தள்ளப்படும். ஷிப்ட் மாறும் வேலையா என்று முதலில் பாருங்கள். மாறும் என்றால் மூன்றே அதிகம். ஆண்டிறுதியில் கிடங்குகளில் சரக்குக் குவியும் மாதங்களை நீங்கள்தான் எங்களைவிட நன்றாக அறிவீர்கள், அந்தச் சமயத்தில் நான்கு எடுக்காதீர்கள்.

போர்க்காலப் படைவீரராக இருந்தால் ஐசிடி (முகாம் பயிற்சி) அழைப்புத் தேதி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ முகாமுக்குப் போய்த் திரும்பினால், நான்கு பாடத்தில் ஒரே நேரத்தில் பின்தங்கியிருப்பீர்கள். தேர்வு நாளோடு மோதினால் ஒத்திவைக்கக் கேட்கலாம், ஆனால் அதை அழைப்பு வந்த உடனே செய்ய வேண்டும்.

எல்லாம் சாதகமாக இருந்து, நான்கில் ஒன்றுக்கு இறுதித் தேர்வுக்குப் பதிலாக வீட்டிலிருந்து எழுதும் இறுதிக் கட்டுரை என்றால் எடுக்கலாம். நான்குக்கும் எழுத்துத் தேர்வு என்றால் வேண்டாம். தேர்வுக்கு நான்கு நாள் விடுப்புக் கிடைக்குமா என்று மேலாளரிடம் பதியுமுன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கிரேடும் வேண்டாம், யூனிட்டும் வேண்டாம். ஒரு பாடத்தைச் சும்மா உட்கார்ந்து கேட்க வழி இருக்கிறதா?
— மாணவி, பொத்தோங் பாசிர்

பதில்: இருக்கிறது, பலருக்குத் தோன்றுவதில்லை. பாட ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே எழுதி அனுமதி கேளுங்கள். பெரிய அரங்கில் நடக்கும் விரிவுரை என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். டுடோரியல், ஆய்வுக்கூடம் இரண்டிலும் இடம் எண்ணி வைத்தது என்பதால் அங்கே கேட்காதீர்கள். மொழிப் பாடங்களுக்கு இது சரிவராது. அங்கே வகுப்பில் பேசுவதும் அடிக்கடி வரும் குட்டித் தேர்வுகளும்தான் பாடமே, சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வேலை இல்லை. மொழியில் ஆசை என்றால், ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த மொழிக்கு நிலையறி தேர்வு எழுதவேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, சுமை குறைந்த செமஸ்டரில் ஐந்தில் ஒன்றாகவே எடுங்கள்.